மூன்றாவது அணி யார்?

2018 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை இரவு. வட அமெரிக்காவின் கூடைப்பந்து லீகான என்பிஏவில் மூன்று அணிகள் கூடி ஒரு டிரேட்டை முடித்துவிட்டதாகச் செய்தி பரவியது. ஃபீனிக்ஸ் அணியின் டிரெவர் அரீஸா வாஷிங்டனுக்குப் போகிறார். வாஷிங்டனின் கெல்லி ஊப்ரே மெம்ஃபிஸுக்கு. ஆஸ்டின் ரிவர்ஸும், மெம்ஃபிஸிலிருந்து வெய்ன் செல்டனும், கூடவே ப்ரூக்ஸும் ஃபீனிக்ஸுக்கு. சிக்கல் அந்தக் கடைசிப் பெயரில் இருந்தது. மெம்ஃபிஸில் அப்போது இரண்டு ப்ரூக்ஸ்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்: மார்ஷான் ப்ரூக்ஸ், டில்லன் ப்ரூக்ஸ். மெம்ஃபிஸ் தர நினைத்தது மார்ஷானை. ஃபீனிக்ஸ் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது டில்லனை. இந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேச்செல்லாம் வாஷிங்டன் வழியாகவே நடந்தது. அன்றிரவே டிரேட் உடைந்தது. மறுநாள் வாஷிங்டனும் ஃபீனிக்ஸும் மெம்ஃபிஸை விட்டுவிட்டு, அரீஸாவுக்கு ஊப்ரேயும் ரிவர்ஸும் என்று நேரடியாக முடித்துக்கொண்டன.

ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. இரண்டு அணிகள் ஆளை மாற்றிக்கொள்ள மூன்றாவது ஓர் அணி எதற்கு? அந்த எண்ணிக்கை நான்கு, ஐந்து, ஆறு என்று ஏறி, 2025இல் ஏழைத் தொட்டது எப்படி? பிப்ரவரித் தொடக்கத்தில் டிரேட்டுக்கான கெடு நெருங்கும்போது, “மூன்றாவது அணி யார்?” என்று லட்சக்கணக்கான ரசிகர்கள் சம்பளப் பட்டியலும் கையுமாக உட்காருவது எப்போது பழக்கமானது? இதற்கெல்லாம் விடை தேட, 1983இல் கையெழுத்தான ஒரு சம்பள ஒப்பந்தம் வரை போக வேண்டும். அதற்கும் முன்னால் கொஞ்சம் போனால் இன்னும் நல்லது.

என்பிஏவின் வேர் 1946இல் தொடங்குகிறது. ஆரம்ப காலத்து டிரேட்டுகள் இரண்டு முதலாளிகளுக்கு இடையே நடந்த எளிய பேரங்கள். அவற்றில் மிகப் பெரியது 1956இல் நடந்தது. டிராஃப்ட் எனப்படும் புதுமுகத் தேர்வில் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்கு இரண்டாம் இடம். அந்த இடத்தில் எடுக்கக் கிடைத்தவர் பில் ரஸல். பாஸ்டன் செல்டிக்ஸ் அவரைக் கேட்டது. பதிலுக்கு எட் மக்காலியையும் கிளிஃப் ஹேகனையும் தந்தது. மக்காலி செயின்ட் லூயிஸ்காரர்; மூளைச்சவ்வு அழற்சியால் பாதிக்கப்பட்ட மகன் அங்கே இருந்தான்; ஊர் திரும்ப அவரே விரும்பினார். ரஸல் ஆடிய 13 பருவங்களில் பாஸ்டன் 11 முறை சாம்பியன் ஆனதால், செயின்ட் லூயிஸ் ஏமாந்துவிட்டது என்று வரலாறு எழுதிவைத்திருக்கிறது. அது முழுக்க நியாயமான தீர்ப்பு அல்ல. 1958இல் அதே மக்காலியும் ஹேகனும் ஆடிய ஹாக்ஸ்தான் இறுதித் தொடரில் பாஸ்டனை வீழ்த்திக் கோப்பையை வென்றது.

அடுத்த பெரிய பெயர் வில்ட் சேம்பர்லேன். 1965 ஜனவரியில், செயின்ட் லூயிஸில் ஆல்-ஸ்டார் ஆட்டம் முடிந்த கையோடு, சான் ஃபிரான்சிஸ்கோ அவரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தது. வாங்கியது மூன்று வீரர்களும் ஒன்றரை லட்சம் டாலரும். அந்த மூவரில் ஒருவரான லீ ஷாஃபர் புது அணிக்குப் போகாமல் ஆட்டத்தையே விட்டுவிட்டார். ரசிகர்களுக்கு இதெல்லாம் முடிந்த பிறகு தெரியவந்த செய்திகள். ஊகிக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த முதலாளிக்கு யாரோடு மனத்தாங்கல் என்பதெல்லாம் அறைக்குள் இருந்த விஷயங்கள்.

வீரர்களுக்கும் அதே இருட்டுதான். ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய அணியே ஆளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் விதி அன்று இருந்தது. அதை எதிர்த்து 1970இல் வழக்குத் தொடுத்தவர் வீரர் சங்கத் தலைவர் ஆஸ்கர் ராபர்ட்சன். அதே ஆண்டு சின்சினாட்டி அணி அவரை மில்வாக்கிக்கு டிரேட் செய்தது. மறு வருடமே அங்கே கோப்பையை வென்றார். வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிகளோடு பேசும் வழி அப்போதுதான் மெல்லத் திறந்தது. இன்று ஒரு வீரர் தனக்குப் பிடித்த ஊரைச் சொல்லி டிரேட் கேட்கிறார் என்றால், அந்தத் துணிச்சலுக்கு அடித்தளம் போட்டவர் ராபர்ட்சன். டிரேட் வரலாற்றை எழுதும் பலர் அவரை ஓர் அடிக்குறிப்பாகக் கடந்துவிடுகிறார்கள். அவரிடமிருந்துதான் அதைத் தொடங்க வேண்டும்.

வீரர்களுக்குச் சந்தை திறந்ததும் முதலாளிகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுச் செலவழித்தார்கள். கிளீவ்லண்ட் அணியை 1980இல் வாங்கிய டெட் ஸ்டெபியன் காலத்தில், வருங்கால முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. அவருக்கு முன்பே போயிருந்த ஓர் உரிமை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸிடம் சிக்கி, 1982இல் முதலிடத் தேர்வாகப் பழுத்தது. அந்த ஆண்டின் சாம்பியனான லேக்கர்ஸ், கடைசி இடத்துக்காரனுக்கு உரிய முதல் தேர்வையும் வாங்கி ஜேம்ஸ் வொர்தியை எடுத்தது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமையை எந்த அணியும் மொத்தமாக இழக்கக் கூடாது என்ற விதி பிறகு வந்தது. இன்றளவும் அதற்கு ஸ்டெபியன் விதி என்றே பெயர்.

1983இல் லீகும் வீரர் சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எல்லாவற்றையும் மாற்றியது. லீகின் வருமானத்தில் 53 விழுக்காடு வீரர்களுக்கு. பதிலுக்கு ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு. 1984–85 பருவத்தில் அந்த வரம்பு 36 லட்சம் டாலர். 2024–25இல் அது 14.06 கோடி டாலர். ஆனால் அது கல்லில் செதுக்கிய வரம்பு இல்லை. தன் சொந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்ள ஓர் அணி வரம்பைத் தாண்டலாம். லாரி பேர்டின் பெயரால் அறியப்படும் விலக்கு அது. அதனால் பெரும்பாலான அணிகள் வரம்புக்கு மேலேயே வாழப் பழகின. அப்படி மேலே இருக்கும் அணி டிரேட் செய்தால், அனுப்பும் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடான சம்பளத்தைத்தான் திரும்ப வாங்க முடியும். விகிதம் காலத்துக்குக் காலம் மாறியது, அடிப்படை மாறவில்லை.

மூன்றாவது அணிக்கு வாசல் திறந்தது இங்கேதான். ஓர் அணிக்கு ஒரு நட்சத்திரம் வேண்டும். அவருடைய சம்பளத்துக்கு ஈடாக அதனிடம் இருப்பவரோ முப்பது வயதைத் தாண்டிய, இன்னும் மூன்று வருட ஒப்பந்தம் பாக்கியுள்ள ஒருவர். நட்சத்திரத்தை விற்கும் அணிக்கு அவர் வேண்டாம். இளைஞர்களும் டிராஃப்ட் உரிமைகளும் போதும். நெல் வைத்திருப்பவருக்கு உப்பு வேண்டாம், புளி வேண்டும் என்றால் உப்புக்காரர் புளிக்காரரைத் தேடித்தானே ஆக வேண்டும்? சம்பள வரம்புக்குக் கீழே இடம் வைத்திருக்கும் மூன்றாவது அணி ஒன்று அந்த மூத்த வீரரை வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்வதற்குக் கூலியாக ஒரு டிராஃப்ட் உரிமையைக் கேட்கும். பணத்தைப் போலவே காலியிடமும் விலைபோகும் பொருளானது.

1999 ஆகஸ்டில் ஸ்டீவ் ஃபிரான்சிஸை மையமாக வைத்து நடந்த டிரேட் இந்தக் கலையின் முதல் பெரிய அரங்கேற்றம். டிராஃப்டில் இரண்டாவதாகத் தன்னை எடுத்த வான்கூவர் அணிக்கு ஆட மாட்டேன் என்று ஃபிரான்சிஸ் பிடிவாதமாக நின்றார். வான்கூவர், ஹூஸ்டன், ஆர்லாண்டோ என்று மூன்று அணிகள், 11 வீரர்கள்; லீக் அதுவரை கண்டிராத அளவு. ஃபிரான்சிஸ் ஹூஸ்டனுக்குப் போனார். எதிரணி வீரராக அவர் திரும்பி வந்தபோது வான்கூவர் ரசிகர்கள் விடாமல் கூச்சலிட்டார்கள். 2001இல் அந்த அணியே கனடாவை விட்டு மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்தது. தங்கள் ஊர் கூடைப்பந்து அணியை இழந்ததன் தொடக்கத்தை அந்த டிரேட்டில் காண்கிறவர்கள் வான்கூவரில் இன்றும் உண்டு.

மறு ஆண்டு நியூயார்க்கின் முறை. பேட்ரிக் யூயிங் அங்கே 15 பருவங்கள் ஆடியவர். கோப்பை ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அந்த ஊருக்குக் கொடுத்தவர். 2000 செப்டம்பரில் நியூயார்க் அணியான நிக்ஸ் அவரை சியாட்டிலுக்கு அனுப்பியது. நான்கு அணிகள், 12 வீரர்கள். யூயிங்கின் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடியவிருந்தது. காத்திருந்தால் நிக்ஸின் சம்பளப் பட்டியல் லேசாகியிருக்கும். மாறாக, கிளென் ரைஸ் போன்றவர்களின் நீண்ட ஒப்பந்தங்களை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டது. இந்த டிரேட்டில் ஹொரேஸ் கிராண்ட்டைப் பெற்ற லேக்கர்ஸ் 2001இல் சாம்பியன். நிக்ஸோ 2013 வரை பிளேஆஃப்பில் ஒரு சுற்றைக்கூட வெல்லவில்லை. சம்பளக் கணக்கு தெரியாமல் டிரேட்டைப் பற்றிப் பேச முடியாது என்பதை நியூயார்க் ரசிகர்கள் இந்த வலியில்தான் கற்றுக்கொண்டார்கள்.

பேசுவதற்கு இடங்களும் அப்போது பெருகியிருந்தன. 1987 ஜூலையில் நியூயார்க்கில் டபிள்யூஎஃப்ஏஎன் என்ற வானொலி, இரவு பகலாக விளையாட்டைத் தவிர வேறு எதுவும் பேசாத நிலையமாகத் தொடங்கியது. தொலைபேசியில் அழைத்த ரசிகர் தன் கனவு டிரேட்டைச் சொல்வதும் தொகுப்பாளர் அதைக் கிழிப்பதும் தினசரிச் சடங்கானது. செய்தித்தாளில் பீட்டர் வெக்ஸி அறைக்குள் நடந்த பேச்சுகளையெல்லாம் தன் பத்தியில் வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

ரசிகனை உண்மையில் கணக்காளனாக்கியவர் வேறொருவர். கலிஃபோர்னியாவில் இர்வைன் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் பணியாற்றிய லாரி கூன் என்ற லேக்கர்ஸ் ரசிகர், 1990களின் இறுதியில், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட சம்பள ஒப்பந்தத்தைக் கேள்வி பதில் வடிவில் எளிமையாக எழுதிப் பொதுவில் வைத்தார். வக்கீல்கள் மட்டுமே படித்த ஆவணம் ரசிகரின் கைப்புத்தகமானது. அணி நிர்வாகிகளே சந்தேகம் வந்தால் அதைப் புரட்டினார்கள். அடுத்து, 2000களின் நடுவில் ஈஎஸ்பிஎன் நிறுவனம் ‘டிரேட் மெஷின்’ என்ற இணையக் கருவியைக் கொண்டுவந்தது. அணிகளைத் தேர்ந்தெடுத்து வீரர்களை இங்கும் அங்கும் நகர்த்தினால், சம்பளம் பொருந்துகிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். பள்ளி மாணவர்கூட பொது மேலாளர் நாற்காலியில் உட்காரலாம். இரண்டு அணிகளுக்குள் கணக்கு உதைத்தால் மூன்றாவது ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். பல அணி டிரேட் ரசிகர்களின் சொந்த விளையாட்டாக மாறியதில் அந்தக் கருவிக்குப் பெரும்பங்கு உண்டு. டிரேட்டுகளை எல்லாருக்கும் முன்பாக உடைத்த செய்தியாளர் ஏட்ரியன் வோஜ்னரோவ்ஸ்கியின் ஒவ்வொரு அறிவிப்பையும் ரசிகர்கள் வெடிகுண்டு என்றே அழைத்தார்கள். அந்த வேலையை விட்டு அவர் 2024 செப்டம்பரில் ஒரு கல்லூரி அணியின் பொது மேலாளர் ஆனது பொருத்தமான திருப்பம்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சுவை புதிதில்லை. கிரிக்கெட்டில், 2012இல் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வந்து, 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் கோப்பையைப் பறித்துக் கொடுத்த ரவீந்திர ஜடேஜா, 2025 நவம்பரில் சாம் கரனோடு சேர்ந்து ராஜஸ்தானுக்குப் போனார். சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். அது நடப்பதற்கு முன் டீக்கடைகளிலும் அலுவலகங்களிலும் ஓடிய கணக்குகளைக் கேட்டவர்கள், அமெரிக்க ரசிகரின் பிப்ரவரி மாதக் காய்ச்சலை எளிதில் புரிந்துகொள்வார்கள். என்பிஏ கெடு முடியும் மதியம் மூன்று மணி, நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை. அதற்காக இங்கே விழித்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

2005 ஆகஸ்டில் மயாமி, பாஸ்டன், மெம்ஃபிஸ், நியூ ஆர்லியன்ஸ், யூட்டா என்று ஐந்து அணிகள் 13 வீரர்களை மாற்றிக்கொண்டபோது பழைய சாதனைகள் உடைந்தன. ஆன்டுவான் வாக்கர், ஜேசன் வில்லியம்ஸ், ஜேம்ஸ் போஸி மூவரும் மயாமிக்கு வந்தார்கள். 2006இல் மயாமி சாம்பியன். அந்தப் பட்டியலின் ஓரத்தில், அல்பர்ட் மிராயெஸ் என்ற ஸ்பெயின்காரரின் டிராஃப்ட் உரிமை பாஸ்டனுக்குப் போனது என்று ஒரு வரி இருந்தது. அவர் என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. இப்படிப்பட்ட பெயர்கள் டிரேட் பட்டியல்களில் அடிக்கடி தட்டுப்படும். காரணம் எளிது. பல அணிகள் கூடும் டிரேட்டில் ஒவ்வோர் அணியும் குறைந்தது இரண்டு அணிகளோடாவது ஏதாவது கொடுக்கவோ வாங்கவோ வேண்டும் என்பது லீகின் விதி. கொடுக்க ஒன்றுமில்லாத இடத்தில், எப்போதோ எடுத்துவைத்து ஐரோப்பாவிலேயே ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரின் உரிமையை நீட்டிக் கணக்கை முடிப்பார்கள். தன் பெயர் எத்தனை அணிகளுக்குச் சொந்தமாகிக் கைமாறியது என்று அந்த வீரருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

எல்லாக் கணக்கும் பொருந்தியும் உடைந்த டிரேட் ஒன்று உண்டு. அதைப் போல ரசிகர்களை உலுக்கியது வேறு எதுவும் இல்லை என்று அப்போது நினைத்தார்கள். 2011 டிசம்பர் 8. உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்குமான தகராறில் முடங்கிக் கிடந்த லீக், புது ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்த அதே நாள். நியூ ஆர்லியன்ஸின் கிறிஸ் பால் லேக்கர்ஸுக்கு. லேக்கர்ஸின் பாவ் காஸோல் ஹூஸ்டனுக்கு. லமார் ஓடமும், ஹூஸ்டனிலிருந்து கெவின் மார்ட்டின், லூயிஸ் ஸ்கோலா, கோரான் டிராகிச்சும், ஒரு முதல் சுற்று உரிமையும் நியூ ஆர்லியன்ஸுக்கு. மூன்று அணிகளும் ஒப்புக்கொண்டுவிட்டன. ஆனால் வாங்க ஆளில்லாத நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு அப்போது லீகே உரிமையாளர். லீக் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் மறுத்துவிட்டார். கூடைப்பந்துக் காரணங்கள் என்று லீக் சொன்ன விளக்கம் ரசிகர்கள் நடுவே ஒரு பழமொழியாகவே நிலைத்துவிட்டது. மற்ற முதலாளிகளில் ஒருவர் கொதித்து எழுதிய கடிதம் வெளியே கசிந்ததால், ஸ்டெர்ன் பணிந்துவிட்டார் என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. ஆறு நாள் கழித்து பால் அதே ஊரின் இன்னோர் அணியான கிளிப்பர்ஸுக்குப் போனார்.

வரலாறு அங்கிருந்து போன பாதை வியப்பானது. பாலை இழந்த நியூ ஆர்லியன்ஸ் அந்தப் பருவத்தில் மோசமாகத் தோற்றது. அதனால் 2012 டிராஃப்டில் முதலிடம் கிடைத்தது. ஆன்டனி டேவிஸை எடுத்தது. 2019இல் டேவிஸ் லேக்கர்ஸுக்கு டிரேட் ஆனார். அதிலும் மூன்றாவது அணியாக வாஷிங்டன் வந்து, லேக்கர்ஸின் சம்பளச் சுமையை இறக்க மூன்று இளைஞர்களை வாங்கிக்கொண்டது. 2020இல் லேக்கர்ஸ் சாம்பியன். ஸ்டெர்ன் மறுத்த ஒன்று, ஒன்பது ஆண்டு கழித்து அதே லேக்கர்ஸுக்குக் கோப்பையாக வந்து சேர்ந்தது.

மறுக்கப்பட்ட அந்தப் பட்டியலில் ரசிகர்கள் எளிதில் மறந்துவிடும் பெயர் லமார் ஓடம். 2011இன் சிறந்த ஆறாவது வீரர் விருது பெற்றவர். தன்னை அனுப்ப லேக்கர்ஸ் துணிந்ததே அவரை நொறுக்கிவிட்டது. டிரேட் ரத்தான பிறகு அங்கே இருக்க மனமில்லாமல் வேறிடம் கேட்டார், டாலஸுக்குப் போனார், பழைய ஆட்டம் அவருக்குத் திரும்பவே இல்லை. 2017இல் சகோதரி விபத்தில் இறந்த மறுநாளே பாஸ்டனுக்காக பிளேஆஃப் ஆடிய ஐசையா தாமஸை, அந்த ஆகஸ்டில் பாஸ்டன் கிளீவ்லண்டுக்கு அனுப்பியது. அவருடைய இடுப்புக் காயத்தைப் பார்த்த கிளீவ்லண்ட், இன்னொரு இரண்டாம் சுற்று உரிமை சேர்த்துத் தந்தால்தான் ஆயிற்று என்றது. பாஸ்டன் தந்தது. 2019 பிப்ரவரியில் ஹாரிசன் பார்ன்ஸ் டாலஸுக்காக ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் நடுவிலேயே சாக்ரமெண்டோவுக்கு டிரேட் ஆனார். ஆட்டம் முடியும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்து தோழர்களுக்குக் கை தட்டினார். டிரேட் மெஷினில் நகர்த்தும் பெயர்களுக்குப் பின்னால் பள்ளி மாற வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள், பாதி கட்டிய வீடுகள் இருக்கின்றன. ரசிகர்களின் ஊகம் இதைத் தொடாமல் போவதுதான் அந்த விளையாட்டின் உண்மையான குறை.

அன்றைக்கே மதிப்பெண் போடும் அவசரமும் இன்னொரு குறை. 2012 ஆகஸ்டில் லேக்கர்ஸ், ஆர்லாண்டோ, ஃபிலடெல்ஃபியா, டென்வர் நான்கும் சேர்ந்தபோது, டுவைட் ஹோவர்டைப் பெற்ற லேக்கர்ஸுக்கு வெற்றி என்றார்கள். ஆண்ட்ரூ பைனமைப் பெற்ற ஃபிலடெல்ஃபியாவுக்கும் வெற்றி. ஹோவர்டை இழந்த ஆர்லாண்டோவைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். ஹோவர்ட் ஒரே பருவத்தில் கிளம்பிவிட்டார். முழங்கால் பழுதான பைனம் ஃபிலடெல்ஃபியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆர்லாண்டோ வாங்கிய நிகோலா வூச்செவிச் இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆனார். பழைய உதாரணம் ஒன்றும் உண்டு: 1994 பிப்ரவரியில் ஹூஸ்டன், ராபர்ட் ஹாரியையும் மேட் புல்லார்டையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து ஷான் எலியட்டை வாங்கியது. மருத்துவப் பரிசோதனையில் எலியட்டின் சிறுநீரகக் கோளாறு தெரிந்து டிரேட் ரத்தானது. ஹாரி திரும்பி வந்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஹூஸ்டன் சாம்பியன். எலியட்டும் 1999இல் சான் அன்டோனியோவோடு கோப்பை வென்ற பிறகு தன் சகோதரர் தந்த சிறுநீரகத்தோடு களத்துக்குத் திரும்பினார்.

2023 ஒப்பந்தம் கணக்கை இன்னும் இறுக்கியது. உச்சவரம்புக்கு மேலே இரண்டு கோடுகள் கிழித்தார்கள். 2024–25இல் முதல் கோடு 17.81 கோடி டாலர், இரண்டாவது 18.89 கோடி. முதல் கோட்டைத் தாண்டிய அணி, அனுப்புவதைவிட ஒரு டாலர்கூடக் கூடுதலாக வாங்க முடியாது. இரண்டாவதைத் தாண்டிய அணி, இரண்டு பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரருக்கு ஈடு காட்டவே முடியாது. பெரிய முதலாளிகளின் கையைக் கட்டத்தான் இந்த விதி. விளைவு, ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்க இன்னோர் அணி தேவைப்பட்டது. 2024 ஜூலையில் கிளே தாம்ஸன் கோல்டன் ஸ்டேட்டிலிருந்து டாலஸுக்குப் போனது ஆறு அணிகள் சேர்ந்த டிரேட்டில். ஆறு என்பது அதுவே முதல் முறை.

அந்தச் சாதனை ஓராண்டுதான் நின்றது. 2025 ஜூன் 22 அன்று நியூயார்க்கில் ஒரு ரசிகர் விழா மேடையில் கெவின் டுரன்ட் உட்கார்ந்திருந்தபோதே, ஃபீனிக்ஸ் அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்ட செய்தி வந்தது. அப்போது அது இரண்டு அணி டிரேட். ஜூலை 6 வரை அதிகாரபூர்வமாக முடிக்க முடியாது. அந்த இரண்டு வாரங்களில் டிராஃப்ட் இரவில் வாங்கிய இரண்டாம் சுற்றுப் புதுமுகங்கள், அட்லாண்டாவிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்த கிளின்ட் கபேலா என்று தனித்தனிப் பேரங்கள் எல்லாம் ஒன்றாகக் கோக்கப்பட்டன. ஹூஸ்டன், ஃபீனிக்ஸ், அட்லாண்டா, புரூக்ளின், கோல்டன் ஸ்டேட், லேக்கர்ஸ், மினசோட்டா: ஏழு அணிகள். தாங்கள் ஊகித்த துண்டுகளில் எவை பொருந்தின என்று ரசிகர்கள் சரிபார்த்துக்கொண்டார்கள். ஃபீனிக்ஸ் பெற்றவர்களில் ஒருவர், 2018இல் அது கேட்டுக் கிடைக்காமல் போன டில்லன் ப்ரூக்ஸ்.

இத்தனை கணக்குத் தெரிந்த கூட்டத்தில் ஒருவர்கூட ஊகிக்காத டிரேட் அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. டாலஸின் லூகா டான்சிச்சுக்கு அப்போது வயது 25. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுபோனவர். அவரை விற்கும் யோசனையை டிரேட் மெஷினில்கூட யாரும் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். டாலஸின் பொது மேலாளர் நிகோ ஹாரிசனும் லேக்கர்ஸின் ராப் பெலிங்காவும் பழைய நண்பர்கள். ஜனவரியில் டாலஸில் ஒரு காபிக் கடையில் தொடங்கிய பேச்சை வேறு எந்த அணிக்கும் தெரியாமல் வைத்திருந்தார்கள். ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029இன் முதல் சுற்று உரிமை டாலஸுக்கு, டான்சிச் லேக்கர்ஸுக்கு. இங்கும் சம்பளம் பொருந்த மூன்றாவதாக ஒருவர் தேவைப்பட்டார். ஜேலன் ஹுட்-ஷிஃபீனோவையும் இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளையும் வாங்கிக்கொண்ட யூட்டாவுக்கு, தான் எவ்வளவு பெரிய டிரேட்டில் ஓரமாக நிற்கிறோம் என்பது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது.

பிப்ரவரி 2, அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் நள்ளிரவு தாண்டிய நேரம். செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா இதை அறிவித்தபோது, அவருடைய கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மைதான் என்று அவர் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. ஐந்தாண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் வரை டான்சிச்சுக்குத் தர வேண்டிவரும் என்ற கணக்கும், அவருடைய உடற்தகுதி பற்றிய கவலையும் ஹாரிசன் தரப்பில் காரணங்களாகப் பேசப்பட்டன. டாலஸ் ரசிகர்கள் எதையும் ஏற்கவில்லை. அரங்குக்கு வெளியே டர்க் நோவிட்ஸ்கி சிலையடியில் மலர்களும் ஒரு சவப்பெட்டியும் வைத்தார்கள். ஹாரிசனை நீக்கு என்ற முழக்கம் வீட்டு ஆட்டங்களில் மட்டுமல்ல, மற்ற ஊர் அரங்குகளிலும் கேட்டது. டிராஃப்டில் யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்யும் மே மாதக் குலுக்கலில் 1.8 விழுக்காடு வாய்ப்பே இருந்த டாலஸுக்கு முதலிடம் விழுந்து, கூப்பர் ஃபிளாக் என்ற பதினெட்டு வயது இளைஞர் கிடைத்தார். அதற்கும் முழக்கம் அடங்கவில்லை. புதிய பருவத்தின் முதல் 11 ஆட்டங்களில் 8 தோல்வி. 2025 நவம்பர் 11 அன்று அணி ஹாரிசனை நீக்கியது. டேவிஸை அடுத்து எந்த அணிக்குக் கொடுக்கலாம், அவருடைய சம்பளத்துக்கு ஈடு காட்ட எத்தனை அணிகள் வேண்டும் என்ற கணக்கை டாலஸ் ரசிகர்கள் அன்றே தொடங்கிவிட்டார்கள்.